பயணத் தொகுப்பு நூல்களை வாசிப்பது எப்படி? நெல்லைச் சீமை வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலோடிகள், துருவம் தேடிப் போனவர்கள், நம் கரையில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போன யாத்திரிகர்கள் எழுதியவற்றிலிருந்து நாலைந்து பக்கமாக எடுத்துச் சேர்த்த தடித்த தொகுப்புகள் இருக்கின்றன. ஆசையாக வாங்கி, முதல் பக்கத்தில் தொடங்கி, நூறு பக்கம் தாண்டுவதற்குள் மூடி வைத்துவிடுகிறவர்கள் பலர். நாலு பக்கத்துக்கு ஒருமுறை நூற்றாண்டு மாறும், கண்டம் மாறும், தூரக் கணக்கு மாறும். ஒன்றில் மனம் நிலைப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். நாவல் மாதிரி வாசித்தால் இந்தப் புத்தகங்கள் பிடிகொடுக்காது. வேறு முறை வேண்டும். அதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்லியிருக்கிறோம்.

1. வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் புரட்டிப் பாருங்கள்

தொகுப்புகள் மூன்று விதம். கால வரிசையில் அடுக்கியவை, கண்டம் கண்டமாகப் பிரித்தவை, பசி, பனி, கடல், பாலைவனம் என்று பொருள்வாரியாகத் தொகுத்தவை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கண்டவாரியான தொகுப்புதான் நல்லது. ஒரே நிலத்தைப் பற்றிய பத்துப் பகுதிகளை அடுத்தடுத்து வாசிக்கும்போது அந்த நிலம் மனதில் பதிந்துவிடும், ஒரே வரைபடத்தை விரித்து வைத்தால் போதும். பொருள்வாரித் தொகுப்பைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். அதில் காலமும் இடமும் கலந்து கிடக்கும்.

கையில் எடுத்ததும் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். ஒவ்வொரு பகுதியும் எந்த நூலிலிருந்து, எந்தப் பதிப்பிலிருந்து, யாருடைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்ற பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் புத்தகத்தை வைத்துவிடலாம். பிறகு முழு நூலைத் தேடும்போது அந்தப் பட்டியல்தான் ஒரே வழி. அடுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் எழுதியவர் யார், எந்த ஆண்டு போனார் என்று ஒரு பத்தியாவது உண்டா? வெட்டிய இடங்களில் மூன்று புள்ளி போட்டுக் காட்டியிருக்கிறார்களா? பெயர்ச்சுட்டி உண்டா? வரைபடம் இல்லாதது பெரிய குறையில்லை, அட்லஸ் கைகொடுக்கும். புள்ளி போடாமல் வெட்டி ஒட்டிய தொகுப்புதான் ஆபத்து. இரண்டு வாரத்து நாட்குறிப்பை ஒரே நாளில் நடந்ததாக நம்பிவிடுவோம்.

ஆங்கிலம் தடையாக இருந்தால் தமிழில் தொடங்குங்கள். ஏ.கே. செட்டியார் தொகுத்த 'தமிழ்நாடு' என்ற பயணக் கட்டுரைத் தொகுப்பு பழைய நூல்களிலும் இதழ்களிலும் வந்த தமிழ்ப் பயணக் கட்டுரைகளைத் தேடிச் சேர்த்தது. ஊர்ப் பெயர்கள் தெரிந்தவை என்பதால் வாசிப்பு வேகமாகப் போகும்.

2. புத்தகம் கிடைக்கும் இடம், ஆவணங்கள், செலவு

பாளையங்கோட்டையில் இருக்கும் மாவட்ட மைய நூலகத்தில் முதலில் உறுப்பினராகுங்கள். கையில் கொண்டுபோக வேண்டியவை: ஆதார் அட்டையின் நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ இரண்டு, காப்புத்தொகைக்கும் ஆண்டுச் சந்தாவுக்கும் பணம். இரண்டும் சேர்ந்தே சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆதாரில் வெளியூர் முகவரி இருந்தால் இப்போது குடியிருக்கும் வீட்டு முகவரிக்கு ஒரு சான்று சேர்த்து வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் முறை அலைய வேண்டிவரும். காப்புத்தொகை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் உறுப்பினர் தன்மையை விட்டு விலகும்போது பணத்தைத் திரும்பக் கேட்க அதுதான் ஆதாரம். வீட்டுப் பக்கத்துக் கிளை நூலகம் போகிறவர்கள் விடுமுறை நாளைப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். பல கிளைகளுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை.

அலமாரியில் தேடும்போது பயணம், புவியியல் என்ற வரிசையில் மட்டும் நின்றுவிடாதீர்கள். பயணக் குறிப்புகள் வரலாறு, வாழ்க்கை வரலாறு, கட்டுரை என்று மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும். பழைய ஆங்கிலப் பதிப்புகள் பெரும்பாலும் குறிப்புதவிப் பகுதியில் இருக்கும். அவற்றை வீட்டுக்குத் தரமாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும்.

பாளையிலுள்ள பழைய கல்லூரிகளின் நூலகங்களையும் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக நூலகத்தையும் வெளியாட்கள் பயன்படுத்த முன் அனுமதி வேண்டும். நூலகர் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: எந்த நூல், என்ன காரணம், எத்தனை நாள் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். "பயண நூல்கள் பார்க்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் நடக்காது. நூலின் பெயர், பதிப்பாண்டு எழுதினால் வேலை சுலபமாகும். தேர்வு மாதங்களான ஏப்ரலையும் நவம்பரையும் தவிர்த்துவிடுங்கள்.

செலவே இல்லாத வழியும் உண்டு. பதிப்புரிமை முடிந்த நூல்கள் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் புராஜெக்ட் குட்டன்பர்க்கிலும் இலவசம். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. ஆர்க்கைவில் ஒரே நூலுக்குப் பத்து ஸ்கேன் இருக்கும். இறக்குவதற்கு முன் வரைபடப் பக்கங்களைப் பாருங்கள். மடித்து வைத்த வரைபடத்தை விரிக்காமலே ஸ்கேன் செய்த பிரதிகள் நிறைய. அப்படியிருந்தால் அடுத்த பிரதிக்குப் போய்விடுங்கள். நூல் முழுவதையும் பிரிண்ட் எடுக்க வேண்டாம். வேண்டிய இருபது, முப்பது பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் கடையில் எடுத்தால் ஐம்பது, நூறு ரூபாயோடு முடியும்.

தேடும்போது இன்றைய ஊர்ப் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது. வெள்ளைக்காரர்கள் எழுதிய வடிவத்தில் தேடுங்கள்: டின்னவெல்லி, பாலம்கோட்டா, டூட்டிகோரின், கேப் கொமரின். அதற்கும் முந்தைய நூல்களில் காயல் 'கெய்ல்' ஆகவும் கொற்கை 'கொல்கோய்' ஆகவும் வரும்.

3. மேசையில் இருக்க வேண்டியவை

ஒரு பள்ளி அட்லஸ், ஒரு நோட்டு, ஒரு அடிக்கோல். அட்லஸ் காகிதத்தில் இருப்பதே நல்லது. செல்பேசி வரைபடம் சாலையைக் காட்டும், மலைத்தொடரையும் கடல் நீரோட்டத்தையும் ஒரே பார்வையில் காட்டாது.

நோட்டின் முதல் பக்கத்தில் இந்த அளவுகளை எழுதி வையுங்கள். ஒரு ஃபேதம் 6 அடி, அதாவது 1.83 மீட்டர். கடல் ஆழமெல்லாம் இதில்தான் வரும். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. லீக் என்பது நாட்டுக்கு நாடு மாறும், ஏறத்தாழ 4 முதல் 6 கி.மீ. வரை. சீன யாத்திரிகர்களின் லீ ஏறத்தாழ அரை கி.மீ.

துருவப் பயண நூல்களில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. "40 டிகிரி உறைபனி" என்று எழுதியிருப்பார்கள். அது மைனஸ் 40 இல்லை. ஃபாரன்ஹீட்டில் உறைநிலையான 32-க்குக் கீழே 40 டிகிரி, அதாவது மைனஸ் 8 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 22 செல்சியஸ். இதைத் தெரிந்துகொள்ளாமல் வாசித்தால் அந்தப் பயணத்தின் குளிர்க் கணக்கு முழுவதும் தவறிவிடும்.

4. நம் கரையிலிருந்து தொடங்குங்கள்

தொகுப்பின் முதல் பகுதியை விட்டுவிடுங்கள். பெயர்ச்சுட்டிக்குப் போய், நம் கடற்கரையைப் பற்றிய பகுதிகளை மட்டும் முதலில் பொறுக்குங்கள். தாமிரபரணி கடலில் சேரும் இடத்தைச் சுற்றியே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளின் பயண எழுத்து இருக்கிறது. தெரிந்த மண் என்பதால் எழுதியவர் எங்கே சரியாகப் பார்த்தார், எங்கே கேட்டதை எழுதினார் என்று நாமே பிரித்தறியலாம். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் அலாஸ்காவைப் பற்றிய பகுதியையும் அதே கண்ணோடு வாசிக்க முடியும்.

முதலில் எரித்ரியக் கடலின் பெரிப்ளூஸ். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல்வழிக் குறிப்பு. ஷாஃப் என்பவரின் 1912 ஆங்கில மொழிபெயர்ப்பு இலவசமாகவே கிடைக்கும். பாண்டிய நாட்டுக் கொல்கோயில் முத்துக்குளிப்பு நடப்பதையும், தண்டனை பெற்ற குற்றவாளிகளை அதில் ஈடுபடுத்துவதையும் சில வரிகளில் சொல்கிறது. ஒரு மணி நேரத்தில் முழு நூலையே முடித்துவிடலாம்.

அடுத்து யுவான் சுவாங். 629 முதல் 645 வரை பயணம் செய்தவர். மலகூடம் என்று தென்னாட்டைச் சொல்லி, சந்தன மரங்கள் நிறைந்த மலய மலையையும் அதன் கிழக்கே பொதலக மலையையும் விவரிக்கிறார். பொதலகம் நம் பொதிகைதான் என்று கருதுகிறவர்கள் உண்டு. ஆனால் அவர் காஞ்சிக்குத் தெற்கே வரவில்லை, அங்கே கேட்டதைத்தான் எழுதினார் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தொகுப்பில் அந்தப் பகுதியை மட்டும் தனியே வெட்டிப் போட்டிருந்தால் இந்தச் சந்தேகமே நமக்கு எழாது. ஆகவே மலகூடப் பகுதிக்கு முன்னும் பின்னும் பத்துப் பக்கம் முழு நூலில் வாசிக்க வேண்டும். பீல் என்பவரின் 1884 ஆங்கில மொழிபெயர்ப்பு ஆர்க்கைவில் இருக்கிறது.

மூன்றாவது மார்க்கோ போலோ. இங்கே அவசரம் வேண்டாம். ஹென்றி யூலின் பதிப்பை எடுங்கள். 1871-இல் வந்தது, கார்டியர் திருத்திய மூன்றாம் பதிப்பு 1903-இல் வந்தது. குட்டன்பர்க்கில் இரண்டு தொகுதிகளும் உண்டு. மாபார் (சோழமண்டலக் கரைக்கு அரபியர் வைத்த பெயர்) பற்றிய பகுதியில் முத்துச்சலாபம் வருகிறது. அரசருக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறாமீன்களை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்று கணக்கே சொல்கிறார். அந்த மந்திரக்காரர்களைக் கடற்கட்டி என்று நம் கடற்கரையில் அழைத்ததை யூல் அடிக்குறிப்பில் தருகிறார். பிறகு கெய்ல் நகரம்: ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைகளோடு கப்பல்கள் வந்து நிற்பது, சனங்கள் எந்நேரமும் வெற்றிலை மெல்வது. அந்த ஊர் பழையகாயல்தான் என்று இடம் குறித்தவர் இடையன்குடியிலிருந்த கால்டுவெல். யூல் அவரிடமிருந்து பெற்ற விவரங்களை அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறார். பொதுத் தொகுப்புகளில் இந்த அடிக்குறிப்புகளை வெட்டிவிடுகிறார்கள். நம்மூர்க்காரருக்கு மூலத்தைவிட அடிக்குறிப்பு ருசியானது, விட்டுவிடாதீர்கள்.

இபின் பதூதாவையும் இந்த வரிசையில் வையுங்கள். 1325-இல் தாஞ்சியரிலிருந்து புறப்பட்டவர். இலங்கையிலிருந்து வரும் வழியில் கப்பல் சேதமடைந்து மாபார் கரையில் ஒதுங்கி, மதுரை சுல்தானிடம் போகிறார். சுல்தான் அவருக்கு உறவினர். அந்த ஆட்சியின் கொடுமைகளை மறைக்காமல் எழுதிய பக்கங்கள் மனதை உலுக்கும். இரவில் வாசிக்காதீர்கள்.

கடைசியாக வெனிஸ் வணிகர் செசாரே ஃபெதெரிச்சியும் ஆங்கிலேயர் ரால்ஃப் ஃபிட்சும். பதினாறாம் நூற்றாண்டில் ஹக்லூட் என்ற ஆங்கிலேயர் சேர்த்த பயணத் தொகுப்பில் இருவரும் இருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் பல இடங்களில் வரிக்கு வரி ஒத்துப்போகும். இரண்டு பேர் சாட்சி சொல்கிறார்கள் என்று நம்பிவிடாதீர்கள். ஃபெதெரிச்சியின் நூல் 1588-இல் ஆங்கிலத்தில் வந்தது, ஃபிட்ச் ஊர் திரும்பியது 1591-இல். பின்னவர் முன்னவரைப் பார்த்து எழுதியிருக்கிறார். இபின் பதூதாவும் மேற்காசியப் பகுதிகளில் தமக்கு முந்திய யாத்திரிகரான இபின் ஜுபைரிடமிருந்து எடுத்திருக்கிறார். இந்த வகை எழுத்தில் இது சாதாரணம்.

5. ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு கேள்வி

பார்த்தது எப்போது? எழுதியது எப்போது? எழுதிய கை யாருடையது? வெட்டியது யார்?

இந்த நான்கையும் நோட்டில் தலைப்பாகப் போட்டு, கிடைக்கும் பதிலை ஒரு வரியில் எழுதுங்கள். உதாரணமாக, மார்க்கோ போலோ 1298-இல் ஜெனோவாச் சிறையில் இருந்தபோது சொல்லச் சொல்ல எழுதியவர் ருஸ்திகெல்லோ என்ற கதை எழுத்தாளர். இபின் பதூதா ஊர் திரும்பிய பிறகு சொன்னதை எழுதியவர் இபின் ஜுஸய். கேப்டன் குக்கின் முதல் பயணத்தை 1773-இல் வெளியிட்ட ஹாக்ஸ்வொர்த், குக்கின் குறிப்பையும் உடன் போன பேங்க்ஸின் குறிப்பையும் கலந்து, எல்லாவற்றையும் குக்கே 'நான்' என்று பேசுவதுபோல் எழுதிவிட்டார். உங்கள் தொகுப்பில் குக் பகுதி ஹாக்ஸ்வொர்த்திலிருந்து எடுத்ததா, பீகிள்ஹோல் பதிப்பித்த நாட்குறிப்பிலிருந்து எடுத்ததா என்று கடைசிப் பட்டியலில் பாருங்கள். பின்னதுதான் நம்பத்தக்கது. ஸ்காட் 1912 ஜனவரி 17-இல் தென்துருவம் அடைந்த பயணத்தின் நாட்குறிப்பும், 1913-இல் அச்சானபோது சக பயணிகளைக் குறைகூறும் இடங்கள் நீக்கப்பட்டே வந்தது.

6. தேதியும் தீர்க்கரேகையும்: தடுமாறும் இடங்கள்

1582-இல் கத்தோலிக்க நாடுகள் புதிய நாட்காட்டிக்கு மாறின. இங்கிலாந்து 1752-இல்தான் மாறியது. இடைப்பட்ட காலத்தில் ஒரே கடலில் போன ஸ்பானியக் கப்பலுக்கும் ஆங்கிலக் கப்பலுக்கும் பத்து நாள் வித்தியாசம், 1700-க்குப் பிறகு பதினொன்று. அதோடு, பழைய ஆங்கிலக் கணக்கில் புத்தாண்டு மார்ச் 25. "1602 பிப்ரவரி" என்று ஒரு மாலுமி எழுதியிருந்தால் நமக்கு அது 1603.

அந்தக் காலக் கப்பல் கணக்கில் நாள் தொடங்கியது நண்பகலில். குக்கின் நாட்குறிப்பில் ஒரு தேதியின் பிற்பகல் முதலில் வரும், முற்பகல் பிறகு வரும். ஆகவே பிற்பகலில் நடந்ததாக எழுதியது கரைக் கணக்கில் முந்தைய நாள். மேற்கே போய் உலகைச் சுற்றினால் ஒரு நாளே குறையும். மகெல்லன் பயணத்தில் எஞ்சியவர்கள் 1522 ஜூலையில் கேப் வெர்டி தீவுகளை அடைந்தபோது தங்கள் கணக்கில் புதன், கரையில் வியாழன் என்று உடன் போன பிகஃபெத்தா வியப்போடு எழுதுகிறார்.

தீர்க்கரேகையில் இன்னும் கவனம் வேண்டும். கிரீனிச்சைத் தொடக்கக் கோடாகப் பொதுவாக ஏற்றது 1884-இல். அதற்கு முன் பிரெஞ்சு நூல்கள் பாரிஸிலிருந்து எண்ணின. பாரிஸ் கிரீனிச்சுக்குக் கிழக்கே 2 பாகை (டிகிரி) 20 கலை (நிமிடம்). திருநெல்வேலி கிரீனிச் கணக்கில் ஏறத்தாழ 77 பாகை 42 கலை கிழக்கு. பாரிஸ் கணக்கில் அது 75 பாகை 22 கலை. அதை அப்படியே இன்றைய அட்லஸில் குறித்தால் நம்மூர் சுமார் 255 கி.மீ. மேற்கே நகர்ந்து அரபிக்கடலுக்குள் போய்விடும்! குக்கின் இரண்டாம் பயணத்தில் 1772-இல் நம்பகமான கடல் கடிகாரம் போனது. அதற்கு முந்தைய தீர்க்கரேகைகளைத் தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்சரேகை பெரும்பாலும் சரியாக இருக்கும்.

7. பேர் சொல்லாத ஆட்களைத் தேடுங்கள்

வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர், சுமை தூக்கியவர், தோணி தள்ளியவர் எல்லோரும் பெரும்பாலான தொகுப்புகளில் "நம் ஆட்கள்" என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். வாசிக்கும்போது அவர்கள் வரும் வரிகளைப் பென்சிலால் கோடிடுங்கள், சொந்தப் புத்தகமாக இருந்தால். உள்ளூர் மக்களை இழிவாக எழுதிய பத்திகளும் நிறைய வரும். அவற்றைத் தாண்டிப் போகாமல், எழுதியவர் எந்த அரசுக்காக, எந்தக் கம்பெனிக்காகப் போனார் என்று பாருங்கள்.

நைன் சிங் ராவத்தின் பகுதி உள்ள தொகுப்பு கிடைத்தால் முதலில் அதை வாசியுங்கள். பிரிட்டிஷ் இந்திய நில அளவைத் துறைக்காக 1865-66-இல் மாறுவேடத்தில் லாசா போனவர். ஜெபமாலையில் 108 மணிக்குப் பதில் 100 மணி. நூறு எட்டுக்கு ஒரு மணி தள்ளுவார். ஒரு சுற்று முடிந்தால் பத்தாயிரம் எட்டு, அதாவது ஏறத்தாழ 5 மைல். குறிப்புகளை ஜெபச் சக்கரத்துக்குள் ஒளித்து வைத்தார். 1877-இல் லண்டன் ராயல் புவியியல் கழகம் தங்கப் பதக்கம் தந்தது. எல்லாத் தொகுப்பிலும் இருக்க வேண்டியவர், பலவற்றில் இல்லை.

8. வாரத்துக்கு மூன்று பகுதி போதும்

ஒரு பகுதிக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பத்து நிமிடம் அட்லஸ், இருபது நிமிடம் வாசிப்பு, பதினைந்து நிமிடம் நோட்டு. வாரம் மூன்று வீதம் எழுபது, எண்பது பகுதிகள் உள்ள தொகுப்புக்கு ஆறு மாதம் ஆகும். நூலகத் தவணை இரண்டு வாரம் என்றால் ஒரு தவணைக்கு ஆறு பகுதி. எந்த ஆறு என்று புத்தகம் எடுத்த அன்றே உள்ளடக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தவணை முடிவதற்கு இரண்டு நாள் முன்பே புதுப்பித்துவிடுங்கள். வேறொருவர் கேட்டு வைத்திருந்தால் புதுப்பிக்க மாட்டார்கள்.

பத்துப் பகுதி முடித்ததும் அதில் ஒன்றைத் தேர்ந்து முழு நூலையும் வாசியுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். தொகுப்பில் ஆபத்தும் வெற்றியும்தான் இருக்கும். முழு நூலில் அரிசி தீர்ந்தது, காற்றுக்காகக் காத்துக் கிடந்தது, சுங்கத்தில் பேரம் பேசியது எல்லாம் வரும். பயணம் என்பது பெரும்பாலும் இதுதான்.

9. கரைக்குப் போகிறவர்களுக்கு

நாலாவது படியிலுள்ள பகுதிகளை வாசித்தபின் ஒரு நாள் ஒதுக்கிப் போய்வரலாம். திருநெல்வேலியிலிருந்து ஸ்ரீவைகுண்டம், ஏரல் வழியாகக் கொற்கை. பழையகாயல் தூத்துக்குடி–திருச்செந்தூர் சாலையில் இருக்கிறது. ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் அதற்குத் தெற்கே. துறைமுகத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆறு கொண்டுவந்த வண்டலால் கடல் விலகி, கொற்கை இன்று உள்நாட்டில் வயல்களுக்கு நடுவே இருக்கிறது. நூலகப் புத்தகத்தைத் தூக்கிப் போகாமல் வேண்டிய பக்கங்களின் நகலையும் அட்லஸ் பக்கத்தின் நகலையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கொற்கைப் பக்கம் பஸ் குறைவு, திரும்பும் பஸ் நேரத்தை ஏரலில் இறங்கியதுமே கேட்டுவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, கழிமுகத்தில் நடக்க முடியாது. ஜனவரி, பிப்ரவரியில் போனால் பகல் முழுவதும் சுற்றலாம்.